மூன்றாம் வரிசையில் நின்ற அணில்

ஒரு காட்டில் வரிசை என்பதே கிடையாது. தாகம் எடுத்தவர் ஆற்றுக்குப் போவார், குடிப்பார், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்புவார். அவ்வளவுதான். அங்கே வரிசை எப்படி வந்தது என்பதுதான் கதை.

காடு மேற்கே இருந்தது. நல்ல குளிர். பாதி வருடம் பனி. மிருகங்கள் தமிழில் பேசின. மேற்குக் காட்டில் ஏது தமிழ் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எல்லாரிடமும் செல்போனும் இருந்தது. அதற்கும் கேள்வி வேண்டாம்.

ஆற்றின் இந்தக் கரையில் வீடுகள். அந்தக் கரையில் பழமரங்கள், திடல், சபை. நடுவில் ஒரு மரப்பாலம். தடித்த கட்டைகள், மழைக்கு உளுத்துப்போகாமல் கறுப்பாகத் தார் பூசியிருக்கும். பாலத்தின் முகப்பில் ஒரு பலகை: ‘யாரும் வரலாம்.’ அந்தப் பலகையில் காட்டுக்கு ரொம்பப் பெருமை. பக்கத்தில் நின்று படம் எடுத்து மற்ற காடுகளுக்கு அனுப்புவார்கள்.

கிழக்கே ஒரு காடு தீப்பிடித்து எரிந்தபோது, முதுகில் கோடு போட்ட அணில்கள் அந்தப் பலகையைப் படித்துவிட்டு வந்தன. வந்து இரண்டு தலைமுறை ஆயிற்று. தபால் கொண்டுபோவது, கொட்டை உடைப்பது, எழுந்திருக்க முடியாத கிழட்டு முயல்களைக் குளிப்பாட்டுவது, எல்லாம் அணில்கள்தான். யாருக்கும் குறை இல்லை.

வடக்கே மலை. மலையில் செம்பல்லன் என்று ஓர் ஓநாய். அவனுக்கு ஒரு கொள்கை. வால் நிமிர்ந்திருக்க வேண்டும். ‘வால் தொங்குகிறவன் வாழத் தகாதவன்.’ இதையே செல்போனில் தினமும் மூன்று வேளை பேசி அனுப்புவான். கேட்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் கொட்டாவி விட்டார்கள். மிச்சம் ஒருவர் இருக்கிறாரே, அங்கேதான் வினை.

ஒரு நாள் திடலில் தவளைகளின் பாட்டுப் போட்டி. இரண்டு நரிகள் ‘வாலை நிமிர்த்து!’ என்று கத்திக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தன. ஏழு முயல்கள் செத்தன. இரண்டு வாத்துகள். நல்ல முயல்கள். இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

காடு அழுதது. திடலில் பூ வைத்தார்கள். மான்கள் அதைத் தின்றுவிட்டன. வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம். மறுபடி பூ வைத்தார்கள். மறுபடி தின்றன. பிறகு சபை கூடியது.

சபைத் தலைவர் கிளைக்கொம்பர், கலைமான். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“நம் வாழ்க்கை முறையை யாராலும் மாற்ற முடியாது. நாம் ஒரு மயிரிழையும் மாற மாட்டோம்.”

எல்லாரும் கை தட்டினார்கள். மறுநாள் காலை எல்லாவற்றையும் மாற்றினார்கள்.

முதலில் மலை மேல் கல்லெறிவது என்று தீர்மானம். அந்த இரண்டு நரிகளும் இந்தக் காட்டிலேயே பிறந்தவை, ஆற்றங்கரைப் பள்ளியிலேயே படித்தவை. இருந்தாலும் கல் எறிவதற்கு மலைதானே வசதி. யானைகள் எறிந்தன. செம்பல்லன் குகைக்குள் இருந்தான். கல் விழுந்தது அடிவாரத்து ஆடுகள் மேல். அதுவரை ஓநாய் பேச்சு என்றால் காதைப் பொத்திக்கொண்ட ஆடுகள் சில அப்புறம் கேட்க ஆரம்பித்தன. ஆடு போய் ஓநாய் பேச்சைக் கேட்கிறது என்றால் எப்படிப்பட்ட கல்லாக இருக்க வேண்டும், பாருங்கள்.

அடுத்து, அபாய அறிவிப்புப் பலகை. ஆபத்து இல்லாவிட்டால் பச்சை, இருந்தால் சிவப்பு. பத்து ஆள் உயரத்துக்கு நிறுத்தினார்கள். மானுக்கும் நாய்க்கும் முயலுக்கும் சிவப்பு தெரியாது என்பது திறப்பு விழா முடிந்த பிறகு ஞாபகம் வந்தது. பலகை இன்னமும் நிற்கிறது. கிளிகள் பார்த்துவிட்டுப் பயப்படுகின்றன.

கடைசியாகப் பாலத்தில் சோதனை. மூன்று வரிசை. வால் தொங்குகிறவர்கள் முதல் வரிசை, நேரே போகலாம். வால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதவர்கள் இரண்டாம் வரிசை, பெயர் சொல்லிவிட்டுப் போகலாம். வால் நிமிர்கிறவர்கள் மூன்றாம் வரிசை. அணிலுக்கு வால் நிமிரும். மரம் ஏறினால் நிமிரும், பயந்தால் நிமிரும், சந்தோஷத்திலும் நிமிரும். கடவுள் அப்படித்தான் தைத்து அனுப்பியிருக்கிறார். ஆகவே மூன்றாம் வரிசை முழுக்க அணில்கள்.

மூன்றாம் வரிசைக்குப் பதினேழு பக்கப் படிவம். ஒன்பதாம் கேள்வி: ‘உங்கள் வால் எப்போதாவது நிமிர்ந்தது உண்டா? ஆம் எனில், யார் சொல்லி?’ முப்பத்தொன்றாம் கேள்வி: ‘நீங்கள் யாரையாவது கொல்லப் போகிறீர்களா? ஆம் எனில், தனிப் படிவம் கேட்டு வாங்கவும்.’ படிவம் முடிந்ததும் வாலில் ஒரு கல்லைக் கட்டுவார்கள். பாலம் தாண்டியதும் அவிழ்த்துத் தருவார்கள். அவிழ்க்க இன்னொரு வரிசை.

இது போதாது என்று புதன்கிழமைதோறும் ஒத்திகை. காவல் நாய் வள்ளு ஒரு மரத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு ‘வாலை நிமிர்த்து!’ என்று கத்துவான். உடனே பாலத்தில் இருக்கிற அத்தனை பேரும் இருந்தது இருந்தபடி போட்டுவிட்டு, கிட்டே எந்தக் கரையோ அந்தக் கரைக்கு ஓட வேண்டும். ஆரம்பத்தில் மூன்று நிமிடம் ஆயிற்று. பழகப் பழக இருபது நொடிக்கு வந்துவிட்டார்கள். ஆமை மட்டும் கணக்கில் இல்லை.

மொச்சை என்று ஓர் அணில். கோடு போட்ட அணில்தான். தபால்காரி. புருஷன் இல்லை. வாய் நீளம். ஒரே பிள்ளை, வரகு என்று பெயர். பருவத்துப் பயல். அந்தக் கரையில் கொட்டை உடைக்கும் வேலையில் இருந்தான். மூன்றாம் வரிசையில் நின்று தினமும் வெயில் ஏறின பிறகு போய்ச் சேருவான். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, நீ வீட்லயே இருந்துக்கப்பா” என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்தவனுக்குச் செல்போன் துணை. செல்போனில் செம்பல்லன்.

அதனால் அவன் பண்ணியது நியாயம் என்று நான் சொல்லவில்லை. வேலை போன அணில்கள் நாற்பது பேர். முப்பத்தொன்பது பேர் வேறு வேலை தேடினார்கள்.

ஒரு நாள் மத்தியானம் மொச்சை தபால் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். பிள்ளை வாலுக்குக் கஞ்சி போட்டு, விறைப்பாகக் காயவைத்து, கம்பி மாதிரி நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“என்னடா இது? தொடப்பத்த நட்டு வச்ச மாதிரி?”

“கொள்கை.”

“கஞ்சி எங்க எடுத்த?”

“பானையில.”

“அது ராத்திரி சோத்துக்கு வச்ச கஞ்சிடா, மூதேவி. உன் கொள்கைக்கு என் கஞ்சிதான் கெடச்சுதா?”

வரகு சிரிக்கவில்லை. முன்பெல்லாம் சிரிப்பான். அதுதான் அவளுக்கு உறைத்தது. சாப்பிட வாயைத் திறந்தபோது பார்த்தாள், பல்லெல்லாம் கறுப்பு.

“பல்லுல என்ன?”

“ஒண்ணுமில்ல.”

மோந்து பார்த்தாள். தார்.

காட்டில் தார் பூசின கட்டை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மொச்சை அன்றைக்கே ஆற்றங்கரை வழியாக இறங்கிப் பாலத்துக்கு அடியில் போய்ப் பார்த்தாள். நடுக்கட்டையைச் சுற்றிச் சுற்றிக் கடித்திருந்தான். இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற கட்டை, ஒரு முழம் அளவுக்கு வந்துவிட்டது. பாலத்துக்கு மேலே எட்டு காவல் நாய்கள். அடியில் ஒருவரும் இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். “வரகு, பாலத்த என்னடா பண்ற?”

“வசந்த விழா அன்னிக்குத் தெரியும்.”

“விழாவுக்குக் காடே அது மேலதான்டா போகும்.”

“போகட்டும்.”

“அதுல நானும் போவேன்.”

அதற்கான பதிலைச் செம்பல்லன் இன்னும் பேசி அனுப்பியிருக்கவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனவன் வீடு திரும்பவில்லை.

விழாவுக்குப் பதினோரு நாள் இருந்தது. மொச்சைக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். பாலம் விழக்கூடாது. பிள்ளை கொலைகாரன் ஆகக்கூடாது. பக்கத்துப் பொந்து அணிலிடம் சொன்னாள். “சத்தம் போடாத அக்கா, அப்புறம் நம்ம எல்லாரையும் புடிப்பாங்க” என்று அவள் பொந்தை அடைத்துக்கொண்டாள்.

பாதுகாப்பு அமைச்சர் கம்பளியப்பர், கரடி. கெட்டவர் இல்லை. குளிர்காலம் முழுக்கத் தூங்கிவிட்டு, அதற்குள் நடந்ததையெல்லாம் வசந்த காலத்தில் படித்துத் தெரிந்துகொள்கிறவர். அவரைப் பார்க்கவும் மூன்று வரிசை உண்டு. மொச்சை மூன்றாம் வரிசையில் நான்கு நாள் நின்று உள்ளே போனாள்.

“ஐயா, பாலத்தைக் கடிச்சு வச்சிருக்காங்க. நடுக்கட்டை. விழாவன்னிக்கு உடைஞ்சிரும்.”

கரடி பேனாவை எடுத்தார். “யார் கடிச்சது?”

“என் புள்ள.”

பேனா நின்றது. “உம் புள்ளையா? நீயே வந்து சொல்றியா?”

“நான் சொல்லாம யாரு சொல்றது? பெத்தவ நான்தானே.”

“கட்டையைக் கடிச்சிருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“அடியில போய்ப் பார்த்தேன்.”

“பாலத்துக்கு அடியிலயா? அது தடை செஞ்ச இடமாச்சே.” கரடி இன்னொரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். “தடையை மீறி உள்ளே போனது ஒரு குற்றம். என்னிக்குப் போன? எத்தனை மணிக்கு? வால் எப்படி இருந்தது?”

“யோவ், வாலை விடுய்யா! பாலத்தைப் பாரு. ஒரு ஆளை அனுப்பி அடியில பாக்கச் சொல்லு.”

“ஆய்வுக்கு விண்ணப்பம் கொடு. நாப்பது நாள்ல பாத்துருவாங்க.”

“விழாவுக்கு இன்னும் ஏழு நாள்தான்யா இருக்கு.”

“அப்ப விரைவு விண்ணப்பம் கொடு. அது முதல் வரிசைக்காரங்க யாராவது கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்.” குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். “இந்தாம்மா, உன்னை உள்ளே வைக்காம அனுப்பறேனே, அதுவே பெரிசு. போய்ட்டு வா.”

முதல் வரிசைக்காரருக்கு எங்கே போவது? மொச்சை அன்னத்திடம் போனாள். நுரையழகி அம்மையார். காட்டின் நல்லிணக்கக் குழுத் தலைவி. மூன்றாம் வரிசை கூடாது என்று சபையில் பேசிய ஒரே ஆள். பேசிவிட்டு முதல் வரிசையில் வீட்டுக்குப் போவார். அவரைப் பார்க்கவும் மூன்று நாள் காத்திருப்பு.

“வாங்க, வாங்க! உங்க வால் எவ்வளவு அழகு!” என்றார் அம்மையார்.

“இருக்கட்டும்மா. ஒரு கையெழுத்து வேணும்.” மொச்சை முழுக்கச் சொன்னாள். தார், கட்டை, பிள்ளை, விழா.

அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது இரண்டும் ஈரம். “மொச்சை, உங்க மேல எவ்வளவு வெறுப்பை ஏத்தி வச்சிருக்காங்க பாருங்க. சொந்தப் புள்ளையையே சந்தேகப்படற அளவுக்கு.”

“சந்தேகம் இல்லம்மா. கடிச்சிருக்கான். பல்லுல தார்.”

“அப்படிச் சொல்லாதீங்க. ஒரு அணிலைப் பத்தி அப்படிப் பேசினா, மொத்த அணில் சமுதாயத்துக்கும் கெட்ட பேர்.”

“ஒரு அணில் தப்பு பண்ணினா ஒரு அணிலுக்குத்தாம்மா கெட்ட பேரு. மொத்த சமுதாயத்தையும் நீங்க ஏன் கூட்டிட்டு வர்றீங்க?”

“உங்க வலி எனக்குப் புரியுது.”

“வலி இல்லம்மா, பாலம்!”

அம்மையார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வசந்த விழா மேடையில் ‘எல்லா வாலும் நம் வாலே’ என்று ஒரு நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். அதில் மொச்சை வந்து ஆடினால் காடே நெகிழ்ந்துபோகும் என்றார். கையெழுத்து மட்டும் போடவில்லை. ஓர் அணில் மேல் புகார் என்பது அவர் கொள்கைக்கு ஒத்துவராதாம்.

ஆக, அணில் என்பதால் கரடி நம்பவில்லை. அணில் என்பதாலேயே அன்னமும் நம்பவில்லை. இரண்டு பேரும் சபையில் ஒருவரை ஒருவர் பார்த்து முறைத்துக்கொள்கிறவர்கள். மொச்சை விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

மிச்ச நாட்களில் மொச்சை பிள்ளையைத் தேடினாள். பொந்து பொந்தாக ஏறி இறங்கினாள். கிடைக்கவில்லை. பாலத்துக்கு அடியில் மறுபடி போகப் பார்த்தாள். அவள் கொடுத்த புகாரின் பேரில் அங்கே காவலைப் பலப்படுத்தியிருந்தார்கள். அதாவது, அவள் இறங்கின பாதையில் இரண்டு நாய்களைப் போட்டிருந்தார்கள். கட்டையை எட்டிப் பார்க்கச் சொல்லி நாய்களுக்கு உத்தரவு இல்லை. வரகு தண்ணீர்ப் பக்கமாக நாணலுக்குள் புகுந்து, குறுக்குக் கட்டைகளில் தொற்றித் தினமும் வந்து போய்க்கொண்டிருந்தான்.

வசந்த விழா வந்தது. காலை வெயில் இதமாக இருந்தது. காடு மொத்தமும் புது இலை செருகிக்கொண்டு திடலுக்குக் கிளம்பியது. மற்ற வருடங்களில் ஆளாளுக்கு ஓடி அந்தக் கரைக்குப் போய்விடுவார்கள். பாலத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். இந்த வருடம் விழாவுக்கென்று கூடுதல் சோதனை. அதற்கான மேசையைப் பாலத்தின் மறுகோடியில் போட்டுவிட்டார்கள். மூன்று வரிசையும் பாலத்தின் மேலேயே நீண்டு நின்றது. முயல், மான், காட்டெருமை, குட்டி குஞ்சு, சபைத் தலைவர், அன்னம், கரடி, அத்தனை பேரும். இப்படி எல்லாரையும் ஒரே இடத்தில் கூட்டி நிறுத்தித் தருவார்கள் என்று செம்பல்லன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

மொச்சை மூன்றாம் வரிசையில், நடுப்பாலத்தில், வாலில் கல்லோடு நின்றாள். காலுக்கடியில் அதிர்வு தெரிந்தது. கர்ர், கர்ர். அணில் பல் சத்தம். பெற்ற பிள்ளையின் பல். அது விழுந்து முளைத்ததெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வள்ளு பக்கத்தில் நடந்துகொண்டிருந்தான்.

“வள்ளு! பாலம் உடையப் போகுது. எல்லாரையும் இறக்கு.”

“வரிசையில நின்னு பேசு.”

“வரிசையிலதான்டா நிக்கிறேன்!”

“அப்ப பேசாம நில்லு.”

“காதைக் கீழ வச்சுக் கேளுடா. உனக்குத்தான் காது நல்லா கேக்குமே.”

“காவலுக்கு நிக்கும்போது காதைக் கீழ வைக்கக் கூடாது. விதி.”

கட்டை ‘கிரீச்’ என்றது. முன்னால் நின்ற முயல் ஒன்று, விழாவுக்குப் பந்தல் போடுகிற சத்தம் என்று பிள்ளைக்குச் சொன்னது.

மொச்சை ஒரு நிமிடம் யோசித்தாள். பதினோரு நாள் உண்மையைச் சொல்லியாயிற்று. காடு உண்மைக்கு நகராது. எதற்கு நகரும் என்று காடே அவளுக்குப் புதன்கிழமைதோறும் காட்டியிருக்கிறது.

வாலில் இருந்த கல்லைக் கடித்து அறுத்தாள். கைப்பிடிக் கட்டை மேல் ஏறினாள். வாலை உச்சிக்கு நிமிர்த்தினாள். வாய் நீளம் என்று சொன்னேனே, அந்த வாயைத் திறந்தாள்.

“வாலை நிமிர்த்து!”

பதினெட்டு நொடி. ஒத்திகையில்கூட அவ்வளவு வேகம் வந்ததில்லை. இந்தக் கரைக்குப் பாதி, அந்தக் கரைக்குப் பாதி. காட்டெருமை முயல் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓடியது. ஆமையைக் கரடி உதைத்தார், அது வழுக்கிக்கொண்டே கரை சேர்ந்தது. ‘எல்லா வாலும் நம் வாலே’ பதாகை ஆற்றில் போயிற்று. பாலம் காலி.

மொச்சை கைப்பிடியிலிருந்து கீழே பாய்ந்தாள். வரகு கட்டையைக் கட்டிப்பிடித்துக் கடைசிக் கடியில் இருந்தான். நிமிர்ந்து பார்த்தான். அம்மா.

“நீ ஏம்மா இங்க வந்த?”

“உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன், வாடா!” என்று காதைப் பிடித்தாள்.

பாலம் இரண்டாக உடைந்தது. இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். வரகுக்கு நீச்சல் தெரியாது. வாலில் கஞ்சி, விறைத்துக்கொண்டு அவனைக் குப்புறத் தள்ளியது. அவள் அவன் பிடரியைக் கவ்வி இழுத்தாள். கரையில் எட்டு நாய்கள் பல்லைக் காட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்த்தாள். பிள்ளையை நாணலுக்குள் தள்ளிவிட்டுத் தான் மட்டும் கரையேறினாள். நாய்கள் அமுக்கின.

அன்று மாலையே கரடிக்குப் பதக்கம். கிளைக்கொம்பர் குத்திவிட்டார். “ஓர் உயிர்கூடப் போகவில்லை. பயங்கரவாதி கையும் வாலுமாகப் பிடிபட்டாள். ஏழு நாளாகவே இவள் மேல் நமக்குச் சந்தேகம் இருந்தது” என்றார். அது உண்மைதான்.

மலையிலிருந்து செம்பல்லன் செய்தி அனுப்பினான். “நம் வீராங்கனை மொச்சை வாழ்க! வால் தொங்கிய நாற்பது பேர் ஒழிந்தார்கள்.” சபையும் செம்பல்லனும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. அந்தக் காடே அவளைப் பயங்கரவாதி என்றது. அந்த மலையும் வேறு வார்த்தையில் அதையே சொன்னது. சொல்லாதவள் அவள் ஒருத்திதான்.

நாணலில் ஒளிந்திருந்த வரகு, யாரோ ஓடும்போது போட்டுவிட்டுப்போன செல்போனில் இதைக் கேட்டான். நாற்பது பேர். அவன்தான் அடியில் இருந்தான். பாலத்தில் ஒரு ஈ காக்கை இல்லை, அவன் அம்மாவைத் தவிர. செய்தியை இரண்டாம் முறை கேட்டான். அதிலும் நாற்பது பேர்தான். செல்போனை ஆற்றில் எறிந்தான். எழுந்து நடந்தான்.

அமைச்சர் அலுவலக வாசலில் வள்ளு நின்றான். வரகு அங்கே வந்தபோது வால் கஞ்சி கரைந்து, நனைந்த துணி மாதிரி தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது.

“நான் ஒரு குத்தத்தை ஒத்துக்கணும்” என்றான்.

வள்ளு வாலைப் பார்த்தான். “தொங்குதா? முதல் வரிசை. நேரே போ, தம்பி.”

அம்மாவுக்கு நான்கு நாள் ஆன இடத்துக்குப் பிள்ளை நான்கு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தான். உள்ளே கூண்டில் மொச்சை. எதிரே பதக்கத்தோடு கம்பளியப்பர். பதினேழு பக்கப் படிவம் பாதி நிரப்பியிருந்தது.

“பாலத்தைக் கடிச்சது நான்” என்றான் வரகு. ஈ என்று பல்லைக் காட்டினான். தார்.

“பொய்!” என்றாள் மொச்சை கூண்டிலிருந்து. “நான்தான் கடிச்சேன். எழுதிக்குங்கய்யா.”

கரடி உடனே எழுதினார். பதினோரு நாள் அவள் சொன்ன உண்மையில் ஒரு வரிகூட அந்தத் தாளில் ஏறவில்லை. இது ஏறிவிட்டது.

“அம்மா, சும்மா இரு. நான்தான்யா.”

“நீ சும்மா இருடா. உன்னைக் கேட்டாங்களா? பெரியவங்க பேசிட்டு இருக்கோம்ல.”

“நீ பொய் சொல்ற.”

“நீ மட்டும் இத்தன நாளா என்னத்தச் சொன்ன?”

“நிறுத்துங்க!” என்றார் கரடி. “குற்றவாளி பெயர்னு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. யாராவது ஒருத்தர் சொல்லுங்க.” மொச்சையைப் பார்த்தார். “சத்தியமா சொல்லும்மா. யாரு?”

“சத்தியமாச் சொல்லணுமா?” மொச்சை கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நாலு நாள் வாசல்ல நின்னு, இதே மேசை முன்னால, சத்தியமாத்தான்யா சொன்னேன். கேட்டியா? வால் எப்படி இருந்துச்சுன்னு கேட்ட.”

கரடி படிவத்தைப் பார்த்தார். முன்பு அவள் மேல் எழுதின தாளும் அதே மேசையில் கிடந்தது. அதில் தேதி இருந்தது. ‘பாலம் உடையும் என்று கூறினார்’ என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. பக்கத்தில் ‘முக்கியமில்லை’ என்று இருந்தது. பேனாவை மூடி வைத்தார்.

“சரி. இப்ப சொல்லு. கேக்கறேன்.”

சொன்னாள். கஞ்சியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் கரடி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தக் காட்டில் ஓர் அமைச்சர் வாய் திறக்காமல் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

“பதக்கத்தைத் திருப்பித் தரணும்” என்றார் கடைசியில். “அதுக்குப் படிவம் இல்லையே.”

“பதக்கம் உங்ககிட்டயே இருக்கட்டும்யா. இவனுக்குத் தண்டனை குடுங்க. பலமாக் குடுங்க. ஆனா என் கண்ணெதிர்லயே குடுங்க.”

கொடுத்தார்கள். மூன்று வருடம், புதுப் பாலத்துக்குக் கட்டை சுமக்க வேண்டும். தாரும் அவன்தான் பூச வேண்டும். மொச்சை தபால் கொண்டுபோகிற வழியில் நின்று, “அடியிலயும் பூசுடா” என்று கத்திவிட்டுப் போவாள். செல்போனும் கையுமாகத் திரிந்த மற்ற அணில் பயல்கள் வரகிடம் போய்ச் செம்பல்லனைப் பற்றி விசாரித்தார்கள். “அவனுக்கு எண்ணத் தெரியாதுடா” என்றான் அவன். மலைப் பேச்சைக் கேட்கிற கூட்டம் அதோடு குறைந்தது. யானைகள் எறிந்த கல்லால் குறையவில்லை.

சபை அறிக்கையில் இதெல்லாம் வரவில்லை. ‘ஒரு தாய் சொன்னதைக் கேட்டோம்’ என்று எழுதப் படிவத்தில் இடம் இல்லை. ‘தீவிர விசாரணையில் உண்மை வெளிவந்தது’ என்று எழுதினார்கள்.

புதுப் பாலம் திறந்தாயிற்று. மூன்றாம் வரிசை அதிலும் உண்டு. இன்னும் ஏனய்யா அது என்று கேட்டதற்குக் கிளைக்கொம்பர் நிதானமாக விளக்கினார். காட்டையே காப்பாற்றிய அணில் எந்த வரிசையில் நின்றது? மூன்றாம் வரிசையில்தானே! அப்படிப்பட்ட வரிசையை எடுத்துவிட்டால் அடுத்த முறை யார் காப்பாற்றுவார்கள்?

மொச்சை அதைக் கேட்டுவிட்டு, மூன்றாம் வரிசையில் போய் நின்றாள். தபாலுக்கு நேரமாகிவிட்டது.

நீதி: ஆபத்து வருகிறது என்று நாலு பேருக்குச் சொல்ல வேண்டுமானால், முதலில் நீயே ஆபத்தாகிவிடு; அப்போதுதான் வழி விடுவார்கள்.